கோயோ இல்லை என்று சொன்ன நாள்

1

சங்கரன்கோவிலிலிருந்து என் சித்தப்பா மகள் போன வாரம் வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தாள். "யக்கா, எங்க மூத்தவளுக்கு மலேசியாவுல இருந்து ஒரு இடம் வந்திருக்கு. நல்ல சம்பளமாம், சொந்த வீடாம், கெட்ட பழக்கம் ஒண்ணும் கிடையாதாம். நீ பதினஞ்சு வருசமா அங்கனதான இருக்க. குடுக்கலாமா, வேண்டாமா?"

மூன்று முறை பதில் பேசி மூன்றையும் அழித்தேன். கொடுக்காதே என்று சொன்னால், இங்கே நல்லபடியாகக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கெல்லாம் நான் செய்கிற துரோகம். கொடு என்று சொல்ல நாக்கு புரளவில்லை. "எழுதி அனுப்புறேன், பிள்ளையையும் படிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அவள் ஒருத்திக்கு மட்டும் எழுதுவானேன் என்று பிறகு தோன்றியது.

இப்போது நான் இருப்பது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில். ரவிக்கை தைக்கிற கடையில் வேலை. கடைக்கு மேலேயே ஓர் அறை. நானும் மகள் யாஷினியும் இருக்கிறோம். அவளுக்குப் பதின்மூன்று வயது. காலையில் அவள் பள்ளிக்கூட பஸ் ஏறியதும் நான் கீழே இறங்கிவந்து மிஷினைத் துடைத்து ஊசி மாற்றுவேன். என் பெயர் முப்பிடாதி. எங்கள் பக்கத்து அம்மன் பெயர். இங்கே எந்த கவுண்டரிலும் இந்தப் பெயரை ஒரே மூச்சில் கூப்பிட்டவர் கிடையாது. "மூ... மூப்பி..." என்று கேட்டாலே எழுந்து போய்விடுவேன்.

எழுதத் தொடங்குமுன் ஒன்று. கணவனை "அவர்" என்றுதான் எழுத வேண்டும் என்று நம் ஊரில் பழக்கியிருக்கிறார்கள். முயன்று பார்த்தேன். "அவர் என்னை அடித்தார்" என்று எழுதினால் ஏதோ பொன்னாடை போர்த்தியதுபோல இருக்கிறது. ஆகவே அவன் என்றே எழுதுகிறேன்.

2

அவன் பெயர் சிவா. கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டினான். காப்பார் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்து, அப்பா இறந்தபின் அம்மாவோடு கிள்ளானில் நான்காவது மாடி அடுக்குவீடு ஒன்றுக்குக் குடிவந்தவன். பெண் பார்க்க வந்தபோது என் அப்பாவின் காலில் விழுந்து எழுந்தான். அதற்கே எங்கள் வீட்டில் எல்லாரும் கரைந்துவிட்டார்கள்.

வந்த புதிதில் தமிழே எனக்குக் காலை வாரியது. காலையில் மாமியார், "பசியாறிட்டியா?" என்பார். எனக்குப் பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு நாலு நாள் காலைச் சாப்பாடு இல்லாமல் இருந்தேன். பசியாறுவது என்றால் இங்கே காலை உணவு சாப்பிடுவது. பேச்சின் முடிவில் சும்மா ஒரு "லா" வேறு. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவை எல்லாரும் "காக் சித்தி" என்று கூப்பிட்டார்கள். காக் என்றால் அக்கா. சித்தி என்பது அவர் பெயர். நான் இவர்களுக்கு மலாய்க்கார உறவு இருக்கிறது என்று நினைத்து ஒரு மாதம் அவரைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் காக் சித்தி வீட்டில் ஒரு விருந்து. கீழே கூடாரம் போட்டிருந்தார்கள். "உங்கள் சமையல் என் கணவருக்குப் பிடித்தது" என்று அவரிடம் மலாயில் சொல்ல ஆசைப்பட்டேன். சுவாமி என்றால் அதில் கணவன், சுக்கா என்றால் பிடிக்கும் என்பது மட்டும் தெரியும். சொற்களை எப்படியோ கோத்துச் சொன்னேன். "எனக்கு உங்க புருஷனைப் பிடிச்சிருக்கு" என்று வந்து விழுந்திருக்கிறது. காக் சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் கணவரும் சிரித்தார். சிவாவும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தான்.

நான்கு மாடியும் அவன் எனக்குப் பின்னால் ஏறிவந்தான். உள்ளே வந்து இரும்புக் கிரில்லைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடித்தான்.

"அடுத்தவன் புருஷன் கேக்குதா ஒனக்கு? கேக்குதாடி?"

காதில் விழுந்த முதல் அறையிலேயே சத்தம் போய்விட்டது. பிறகு அவன் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அன்றோடு மலாய் பேசுவதை விட்டேன். காக் சித்தியைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவேன். பத்து வருடம் தலையை மட்டும் ஆட்டினேன்.

யாஷினி பிறந்தாள். அவளுக்கு நான்கு வயதானபோது மறுபடி உண்டானேன். ஸ்கேனில் பையன் என்றார்கள். அவன் லோரியில் போகிற இடமெல்லாம் மிட்டாய் கொடுத்தான். ஐந்தாம் மாதம், பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறேன், என் பாஸ்போர்ட்டைக் கொடு என்று கேட்டேன். மூன்றாவது மாடிப் படியில் வைத்துக் கேட்டது என் தப்பு என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்ட இடம் எதுவாக இருந்தால் என்ன, தள்ளுகிறவன் தள்ளுவான்.

பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரியில், குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றேன். அவன் என் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். நர்ஸ் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று மாதம் கழித்து, "இன்னொரு பையன் வேணும், சீக்கிரம்" என்றான்.

இவன் கையில் இன்னொரு உயிரைக் கொடுக்க மாட்டேன் என்று அன்று முடிவு செய்தேன்.

3

என் அக்காவுக்கு ஊரில் இரண்டாவது பிரசவம் ஆனபோது, ஆஸ்பத்திரியில் அவளைக் கேட்காமலே காப்பர்-டி வைத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து இடுப்பு வலிக்குப் போனபோதுதான் அவளுக்கே தெரியும். நான் இங்கே ஒரு கிளினிக்கில் அதையே கேட்டு நின்றேன். புருஷனைக் கூட்டிவந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அங்கே அவளைக் கேட்கவில்லை. இங்கே நானே கேட்டும் கிடைக்கவில்லை.

கருத்தடை ஊசி போட்டுப் பார்த்தேன். விட்டுவிட்டு நாற்பது நாள் உதிரம். அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாத்திரைக்கு மாறினேன். அரிசி டின்னுக்குள் வைத்திருந்த அட்டை அவன் கையில் சிக்கியது. மிச்சமிருந்த அத்தனை மாத்திரையையும் ஒவ்வொன்றாகப் பிதுக்கி உள்ளங்கையில் குவித்து, என் வாயில் கொட்டி, மூக்கைப் பொத்தினான். "வேணும்ல? தின்னு." இரண்டு நாள் வாந்தி. ஊருக்குப் போன் போட்டபோது அம்மா சொன்னாள்: "ஒரு ஆம்பளப் பிள்ள பெறந்துட்டா எல்லாம் சரியாப் போகும்டீ." என் அம்மாவுக்கு இரண்டு ஆம்பளப் பிள்ளைகள். அப்பா கையிலிருந்து அவள் தப்பியதை நான் பார்த்ததில்லை.

கிள்ளான் டவுனில் ஒரு தமிழ் டாக்டரம்மா இருந்தார். வீட்டில் தைத்துக்கொடுத்த ரவிக்கைக் காசை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் ஒரு சின்னச் சதுரத்தைக் காட்டினார். தோல் நிறத்தில் மெல்லிசாக, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"சிகரெட் பழக்கம் இல்லல்ல? ப்ரஷர்? ஒத்தத் தலைவலி? வீட்டுல யாருக்காச்சும் கால்ல ரத்தம் கட்டுனது உண்டா?" என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "வாரத்துக்கு ஒண்ணு. அதே கெழமதான் மாத்தணும். மூணு வாரம் ஒட்டு, நாலாவது வாரம் விடு, மென்ஸ் வரும். வயிறு, இடுப்புக்குப் பின்னால, மேல் கை, முதுகு, இடம் மாத்தி மாத்தி ஒட்டு. நெஞ்சுல மட்டும் வேணாம். மருந்து தோல் வழியா ரத்தத்துக்குப் போயிடும்" என்றார். என் மணிக்கட்டில் இருந்த விரல் தடங்களைப் பார்த்தார். "ஹஸ்பண்ட் கண்ணுல படுமே?"

"கோயோன்னு சொல்லிக்கிறேன் டாக்டர்."

வலிக்கு ஒட்டுகிற பிளாஸ்திரிக்கு இங்கே கோயோ என்று பெயர். சீனக் கடை, மளிகைக் கடை எங்கும் கிடைக்கும். லோரிக்காரன் முதுகில் கோயோ இல்லாத நாளே கிடையாது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. பெண்களுக்கு உதவுகிற ஒரு சங்கத்தின் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதைக் கிளினிக் வாசல் குப்பைத்தொட்டியிலேயே போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அவ்வளவு பயம்.

செவ்வாய்க்கிழமைகளில் அவன் ஜொகூருக்கு லோடு கொண்டுபோவான். செவ்வாய்தான் மாற்றுகிற நாள். பழையதை உரித்தால் தோலில் கருப்பாய்ப் பசை, சதுரக் கோடு போட்டதுபோல் நிற்கும். தேங்காயெண்ணெய் விட்டுத் தேய்த்துப் போக்குவேன். புதியதை வேறு இடத்தில் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பத்து வரை எண்ணுவேன். கோயோ வாசனை வேண்டுமே என்று புடவைக் கொசுவத்தில் கொஞ்சம் தைலம் தடவிக்கொள்வேன். இரண்டு வருடம் அவன் கை அதன் மேல் பட்டுப் பட்டுப் போனது. "எந்நேரமும் இடுப்பு வலி. கெழவியாடி நீ?" என்பான். என் உடம்பில் எனக்கென்று இருந்த இடம் அந்தச் சதுரம் ஒன்றுதான்.

4

மாமியாருக்கு அப்போது அறுபத்தொரு வயது. எனக்கு அவர் அத்தை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மகன் அடிக்கும்போது அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவார். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அடி ஓய்ந்ததும் மஞ்சளும் சுடுதண்ணீரும் கொண்டுவந்து வைப்பார். அவர் புருஷன் காலத்தில் அவருக்கு யார் கொண்டுவந்து வைத்தார்களோ தெரியாது.

அவருக்கு முட்டிவலி. நான் என் சதுரங்களை உறையோடு ஒரு பழைய கோயோப் பெட்டியில் போட்டுத் தையல் மிஷின் இழுப்பறையில் வைத்திருந்தேன். ஒரு நாள் அவர் காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போது புடவை விலகியது. வலது முட்டிக்கு மேல் அந்தச் சதுரம்.

"அத்தை, அது ஏது?"

"ஒன்னோட கோயோதான். போன வாரம் ஒண்ணு எடுத்தேன். வாடையே இல்ல லா, புது டைப்பா? எங்கூட்டுக் கோயோ தோலப் பொசுக்குது. இது நல்லா கேக்குது."

அத்தைக்கு ரத்த அழுத்தம். அதற்குத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர். டாக்டரம்மா என்னிடம் முதலில் கேட்டதே அதைத்தான். அந்த நிமிடமே நான் சொல்லியிருக்க வேண்டும். "அது எனக்குன்னு டாக்டர் குடுத்தது, கழட்டிருங்க அத்தை" என்று மட்டும் சொன்னேன். பெட்டியை இடம் மாற்றினேன். பழைய இடத்தில் நிஜமான கோயோ வாங்கி வைத்தேன். அவர் ஏற்கெனவே இன்னும் இரண்டு எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் உயிருக்குப் பயந்து அவர் உயிரைப் பணயம் வைத்தேன். அவன் எனக்குச் செய்ததையெல்லாம் எழுதுகிறவள் இதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்று வாரம் போல இருக்கும். ஒரு காலையில் அத்தை குளியலறைக் கதவைப் பிடித்தபடி என்னைக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"பாப்பா, எனக்கு தீட்டு வருது. நின்னு பத்து வருசம் ஆச்சு. இது என்னா லா?"

5

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். பெண் டாக்டர், மலாய்க்காரர், என் வயதுதான் இருக்கும். நின்றுபோனபின் உதிரம் வந்தால் முதலில் புற்றுநோய் இல்லை என்று பார்க்க வேண்டும், கர்ப்பப்பையிலிருந்து சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். சிவாதான் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னான். சொல்லும்போதே குரல் உடைந்தது. சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு "எம்மா, எம்மா" என்று அழுதான். அத்தை கட்டிலில் சின்னப் பிள்ளைபோலக் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு படுத்திருந்தார். "கேன்சர்னா நான் வீட்டுலயே செத்துப்போறேன் சிவா, அறுக்க வேணாம்" என்றார்.

டாக்டர் கேட்டார்: நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா? ஹார்மோன் மருந்து? அத்தை இல்லை என்று தலையாட்டினார். சிவா இல்லை என்றான். ஹார்மோன் என்ற சொல் எனக்கு விளங்கியது.

எனக்கு வேறு வழி இருக்கவில்லை. தனியாகச் சொல்லலாம் என்றால் மொழி இல்லை. மொழிபெயர்க்க இருந்தவர்கள் அவனும் அத்தையும்தான். வாயில் வந்த மலாயில் சொன்னேன்.

"டாக்டர். கோயோ... புக்கான் கோயோ. ஊபாட். தா மாவ் ஆனா."

கோயோ, கோயோ இல்லை. மருந்து. பிள்ளை வேண்டாம். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. டாக்டருக்கு விளங்கவில்லை. சுடிதாரை இடுப்பில் ஒரு பக்கம் தூக்கி அந்தச் சதுரத்தைக் காட்டினேன். பிறகு அத்தையின் முட்டியைத் தொட்டுக் காட்டினேன். டாக்டர் குனிந்து அதில் அச்சடித்திருந்த சின்ன எழுத்தைப் படித்தார். அவர் முகம் தெளிந்தது. அத்தையின் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். சோதனை செய்யத்தான் வேண்டும், ஆனால் அநேகமாக இதுதான் காரணம், பயப்படாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். அத்தை விம்மினார். யாருமே எனக்குத் தமிழில் சொல்லவில்லை. சிவா அழுவதை நிறுத்தியிருந்தான். என் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

 காரில் மேம்பாலத்தில் வரும்போது அத்தை, "வீட்டுல போய்ப் பேசிக்கலாம் சிவா" என்றார். யாருக்காகச் சொன்னார் என்று தெரியவில்லை.

மதியம் பன்னிரண்டரை இருக்கும். கிரில்லைப் பூட்டினான். என் முடியைப் பிடித்துத் தரையில் இழுத்து, முதுகில் முழங்காலை ஊன்றி, நகத்தால் அந்தச் சதுரத்தைப் பிய்த்தான். லேசில் வராத ஒட்டு அது. தோலோடு வந்தது. என்னைப் புரட்டிப் போட்டு அதை என் உதட்டுமேல் ஒட்டி உள்ளங்கையால் அழுத்தினான்.

"ரெண்டு வருசம். ரெண்டு வருசம் என்ன மடையனாக்குனியேடி. இப்பப் பேசு. மலாய்ல பேசு. டாக்டர்கிட்டப் பேசுனில்ல?"

வயிற்றில் மிதித்தான். மறுபடி மிதித்தான். "இதுக்குள்ள ஒண்ணும் வேணாம்ல ஒனக்கு? வேணாம்ல?" அத்தை அடுப்படிக்குப் போகவில்லை. சுவரோடு ஒட்டி நின்று, "என் பேரப்பிள்ளய வரவிடாம செஞ்சிட்டாளே, என் ஒடம்பையும் அசிங்கப்படுத்திட்டாளே" என்று முனகிக்கொண்டிருந்தார். அவர் என் பக்கம் இல்லை. ஆனால் அவன் கதவோரம் இருந்த ஹெல்மெட்டை எடுத்து என் தலைக்கு நேராக ஓங்கியபோது அத்தை குறுக்கே கையை நீட்டினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஈரக் கிளை ஒடிகிற மாதிரி.

அந்த நேரம் கிரில்லுக்கு வெளியே நீலப் பினாஃபோர். யாஷினி பள்ளிக்கூடம் விட்டு வந்து நிற்கிறாள். எப்போதிலிருந்து நின்றாளோ. அவளுக்குப் பின்னால் காக் சித்தி கம்பியைப் பிடித்து உலுக்கி, திற, போலீசைக் கூப்பிடுகிறேன் என்று மலாயில் கத்திக்கொண்டிருந்தார். சிவா ஹெல்மெட்டைக் கீழே போட்டான். தன் அம்மாவின் தொங்கிய கையைப் பார்த்தான். பூட்டைத் திறந்து, மகளைத் தாண்டிப் படியிறங்கிப் போய்விட்டான்.

6

காக் சித்தி தன் காரில் எங்களை ஏற்றினார். ஆஸ்பத்திரியில் அத்தைக்குக் கட்டுப் போடும்போது எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். "ஜாத்தோ பிலிக் ஆயிர்" என்றார் அத்தை. குளியலறையில் விழுந்துவிட்டேன். அந்த வாக்கியம் எனக்கு மலாயிலும் நன்றாகத் தெரியும். நானும் அதே ஆஸ்பத்திரியில் சொன்னதுதான்.

அத்தையைப் படுக்கவைத்துவிட்டுக் காக் சித்தி என்னையும் யாஷினியையும் மறுபடி காரில் ஏற்றினார். வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்தேன். கார் போலீஸ் நிலையத்து வாசலில் நின்றது. காக் சித்தி கார் நிறுத்தப் போனார்.

கவுண்டரில் ஒரு பெண் போலீஸ். அன்று தமிழ் தெரிந்தவர் யாரும் பணியில் இல்லை. யாஷினிக்கு எட்டு வயது. அவனே பிடிவாதமாக மலாய்ப் பள்ளியில் சேர்த்திருந்ததால் மலாய் சரளம். கால் நுனியில் எக்கி நின்று கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

என் விசா முடிய ஆறு வாரம் இருந்தது. நீட்டிக்க அவன் கையெழுத்து வேண்டும். அவன் போடாவிட்டால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பிள்ளை இந்த நாட்டுக் குடிமகள். அவள் இங்கே, அவனிடம். எனக்கு அந்த ஒரு கணக்குத்தான் தலைக்குள் ஓடியது.

"யாஷி, அம்மா படியில விழுந்துட்டேன்னு சொல்லு. பக்கத்து வீட்டு அக்கா தப்பா நெனச்சுக் கூட்டியாந்துட்டாங்கன்னு சொல்லு. ஒண்ணும் எழுத வேண்டாம், வீட்டுக்குப் போறோம்னு சொல்லு."

அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பெண் போலீஸ் என் உதட்டைச் சுற்றிச் சதுரமாகச் சிவந்திருந்ததைக் காட்டி ஏதோ கேட்டார்.

"அம்மா, அது என்னான்னு கேக்குறாங்க. அப்பா ஒங்க வாய்ல ஒட்டுனாரே, அது."

எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? "பாப்பா வராம இருக்க ஒட்டிக்கிறது" என்றேன்.

"எனக்குத் தம்பி வராம இருக்கவா?"

"ஆமா."

கோயிலுக்குப் போகும்போதெல்லாம் தம்பி வேண்டும் என்று கேட்டுக் கண்ணை இறுக்கி மூடி நிற்கிற பிள்ளை அவள்.  கவுண்டர் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தாள். நிறையப் பேசினாள். நான் சொன்னது மூன்று வரி. இவள் ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறாள் என்று நினைத்தேன். தம்பி வராமல் செய்துவிட்டேன் என்று கோபத்தில் என்னைப் பற்றிக் குறை சொல்கிறாளோ என்றுகூட நினைத்தேன். பெண் போலீஸ் தட்டச்சு செய்வதை நடுவில் நிறுத்தி எழுந்து வந்து அவளுக்கு ஒரு மைலோ பானப் பெட்டி கொடுத்தார். தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலையே சிவாவைப் பிடித்துவிட்டார்கள்.

7

பிறகு நடந்தது நீளமான கதை. சுருக்கிச் சொல்கிறேன். எங்களை ஒரு காப்பகத்தில் சேர்த்தார்கள். அவன் எங்களை நெருங்கக் கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கினார்கள். அத்தையின் சோதனையில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. போலீஸ் அவரிடம் மறுபடி கேட்கப் போனபோது, குளியலறை என்று சொன்னதை மாற்றி, மகன்தான் அடித்தான் என்று சொல்லிவிட்டார். ஏன் அத்தை என்று கேட்டேன். "எட்டு வயசுப் புள்ளைக்கு முன்னால பொய் சொல்ல முடியல" என்றார். பிள்ளை கண்ணால் பார்த்துவிட்டதே என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவன் சில மாதம் உள்ளே இருந்தான். இப்போது காப்பாரில் இருக்கிறான். அத்தை, கட்டிக்கொடுத்த தன் மகள் வீட்டோடு தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில். என்னை அவர் மன்னிக்கவில்லை. ஆனால் விசாவுக்கு ஒரு குடிமகன் கையெழுத்து வேண்டும் என்று நான் திண்டாடியபோது, வளைந்து சேர்ந்த அந்தக் கையாலேயே வந்து போட்டுக் கொடுத்தார். "ஒனக்காக இல்ல, என் பேத்திக்காக" என்றார். வருடா வருடம் போடுகிறார்.

அந்தப் பெண் போலீஸ் என் முகத்தைப் பார்த்து உண்மையைத் தெரிந்துகொண்டார் என்றும், காக் சித்தி வந்து எல்லாவற்றையும் சொன்னார் என்றும்தான் ஐந்து வருடம் நம்பியிருந்தேன். தீபாவளிக்குத் தீபாவளி காக் சித்திக்கு முறுக்கு கொண்டுபோவேன். "போலீஸ், நன்றி" என்பேன். அவர் எதற்கு என்று புரியாமல் வாங்கிக்கொள்வார்.

போன வருடம் ஒரு தேவாலய மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கிற மலாய் வகுப்பில் சேர்ந்தேன். கையில் பெரிய பிள்ளை இருக்கிறாள், தோழிகளோடு மலாயில் பேசுகிறாள், எனக்கும் பாதி மலாயில் பதில் சொல்கிறாள். அவள் பின்னால் ஓட வேண்டுமென்றால் எனக்கும் மொழி வேண்டும். இந்த மாதம் விசா நீட்டிக்கப் போனபோது, பழைய போலீஸ் அறிக்கையின் நகலும் வேண்டும் என்றார்கள். எடுத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தேன். என் எண் வர ஐம்பது பேர் இருந்தார்கள். சும்மா இருப்பானேன் என்று விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். என் பெயரில், நானே சொன்னதாக இருந்தது.

என் கணவர் என்னை நெடுநாளாக அடிக்கிறார். இன்று வயிற்றில் மிதித்தார். பாட்டியின் கையை ஹெல்மெட்டால் உடைத்தார். பாட்டி விழவில்லை. முன்பு என் வயிற்றில் குழந்தை இருந்தபோது படியில் தள்ளினார். அந்தக் குழந்தை இறந்துவிட்டது. அடுத்த குழந்தையும் அப்படி இறக்கக் கூடாது என்று நான் மருந்து ஒட்டிக்கொண்டேன். வீட்டுக்குப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. எங்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

மாமியாரை "பாட்டி" என்று நான் சொல்லியிருக்க முடியாது. அந்த ஒரு சொல்லை யாஷினி மாற்ற மறந்திருக்கிறாள். படியில் தள்ளியபோது அவளுக்கு நான்கு வயது. மேலே வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். நான்கு வருடம் அதை எங்கே வைத்திருந்தாளோ. கவுண்டரில் "மூ... மூப்பி..." என்று கூப்பிட்டது காதில் விழவில்லை. என் முறை போய்விட்டது. மறுபடி எண் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது யாஷினி கட்டிலில் படுத்து காதில் ஒயரோடு போன் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளைப் பக்கத்தில் வைத்தேன். எடுத்துப் பார்த்துவிட்டு ஒயரைக் கழற்றினாள்.

"இப்பதான் படிச்சீங்களா?"

"நான் விழுந்துட்டேன்னுதானே சொல்லச் சொன்னேன்?"

"ஆமா."

"வீட்டுக்குப் போறோம்னு சொல்லச் சொன்னேன்."

"ஆமா மா."

"அப்ப அம்மா பேசுன தமிழ் உனக்கு விளங்கலையா?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். தாளை நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள்.

"நல்லா விளங்குச்சு மா. அதனாலதான் மாத்திச் சொன்னேன்."